உகந்தைப் படலையின் திறப்பு யாரிடம்?

ஆனி மாதம் நெருங்கினால் எங்கட வீட்டுப் போனில் ஒரே கேள்விதான். "காடு எப்ப திறக்கிறாங்களாம்?" பெரியம்மா கேட்பா. மாமி கேட்பா. அம்மாவோடு முன்பு படிப்பித்த ரீச்சர் ஒருவர் கல்முனையில் இருந்து எடுத்துக் கேட்பா. கேட்கிற யாருக்கும் அந்த வசனம் விநோதமாகப் படுவதில்லை. கடை திறக்கும், பள்ளிக்கூடம் திறக்கும், கோயில் நடை திறக்கும். அதுபோல காடும் திறக்கும், பிறகு மூடும்.

வேறு பக்கத்து வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கதிர்காமப் பாதயாத்திரை தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாக இறங்கி வருகிறது. பாணமையைத் தாண்டி உகந்தைமலை முருகன் கோயிலுக்கு வந்ததும் ரோட்டுக் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு காடு. வாகூரவெட்டை, குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், கடைசியில் கதிர்காமம். நடக்கிறவரின் காலையும் வயதையும் பொறுத்து ஐந்தாறு நாள். இந்தக் காட்டுத் துண்டு முழுக்க குமண, யால என்ற இரண்டு தேசியப் பூங்காக்களுக்குள் போகிறது. முழுப் பாதயாத்திரையும் வராத சனம் கூட உகந்தையில் வந்து சேர்ந்து இந்தத் துண்டை மட்டும் நடப்பார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் அந்த வகை.

உகந்தையில் ஒரு படலை இருக்கிறது. வருடத்தில் ஏறத்தாழ இரண்டு கிழமைதான் அது நடந்து போகிறவர்களுக்குத் திறக்கும். மற்ற நாட்களில் டிக்கெட் எடுத்து ஜீப்பில் ஏறினால் போகலாம். கால்நடையாகப் போக முடியாது. திறக்கும் திகதி, மூடும் திகதி எல்லாம் அம்பாறை மாவட்டச் செயலாளர் தலைமையில் உகந்தையில் நடக்கிற ஒரு கூட்டத்தில் தீர்மானமாகும். வனசீவராசிகள் திணைக்களம், பொலிஸ், விசேட அதிரடிப்படை, இராணுவம், பிரதேச செயலகம், கோயில் நிர்வாகம் என்று கதிரை நிறைய ஆட்கள் இருப்பார்கள். பத்திரிகையில் ஒரு திகதி வரும். பிறகு "திகதியில் மாற்றம்" என்று இன்னொரு செய்தி வரும். எங்கட பெரியம்மா இரண்டாவது செய்தி வரும் வரைக்கும் பையைக் கட்டமாட்டா.

சின்ன வயதில் இதெல்லாம் எனக்கு இயல்பாகத்தான் இருந்தது. கம்பஸ் வந்து முதலாம் வருடத்தில் புவியியல் செய்முறைக்கு அம்பாறை மாவட்டப் படம் கீறும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பச்சைக் கோட்டால் பூங்காவின் எல்லையைக் கீறினோம். அதற்குள்ளே கோயில், ஆறு, வில்லுக்குளம் எல்லாம் இருந்தது. பாதை மட்டும் இல்லை. ஒற்றையடிப் பாதைக்கு அந்தப் படத்தில் குறியீடே கிடையாது.

பிறகு கொஞ்சம் வாசித்தேன். குமண 1938இல் பறவைகள் சரணாலயமாகியது. 1970 ஜனவரியில் "யால கிழக்கு" என்ற பெயரில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1985இல் போர் காரணமாக மூடி, 2003இல்தான் திரும்பத் திறந்தார்கள். 2006இல் குமண என்று பெயர் மாற்றினார்கள். தெற்கே கும்புக்கன் ஆற்றைத் தாண்டினால் யால. அது 1900இலேயே வேட்டைக்கான ஒதுக்கிடமாக வரையறுக்கப்பட்டது. அதாவது வெள்ளைக்காரத் துரைமார் சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக மற்றவர்களை வெளியே வைத்த இடம். 1938இல் வில்பத்துவும் யாலவும் தேசியப் பூங்காக்களாகின. இதையெல்லாம் கட்டி ஆளுகிற சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறார்கள், 2009இல் பெரிதாகத் திருத்தினார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. அமைச்சர் ஒருவர் வர்த்தமானியில் பிரகடனம் செய்தால் அந்த நிலம் பூங்கா. அதற்குப் பிறகு அந்த நிலத்துக்குப் பொறுப்பு பத்தரமுல்லையில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு திணைக்களம். பூங்காவுக்குள் வரும் சாதாரண மனிதரை அந்தச் சட்டம் எப்படிக் கற்பனை செய்கிறது தெரியுமா? அனுமதிச்சீட்டோடு வந்து, மிருகங்களையும் மரங்களையும் பார்த்துவிட்டுப் போகிற ஒருவராக. பார்வையாளர் என்ற ஒரே ஒரு ஆளைத்தான் அதற்குத் தெரியும். நேர்த்திக்கடன் வைத்து, தலையில் மூட்டையோடு, "அரோகரா" சொல்லிக்கொண்டு அந்தக் காட்டைக் *கடந்து* போகிற ஒரு பெரியம்மாவை அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் எங்கள் விடுதியில் நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும். போன வருடம் நாங்கள் நாலைந்து பேர் இரவு தேத்தண்ணியோடு இதைக் கதைத்துக் கொண்டிருந்தோம். ஒரு சினேகிதி சொன்னாள்: "இது எங்கட பாதை. பூங்கா வாறதுக்கு முதலே இருந்த பாதை. அவங்க யாரு பூட்டுறதுக்கு?" உடனே எல்லாருக்கும் உணர்ச்சி வந்துவிட்டது. வன இலாகா, வனசீவராசிகள், தொல்பொருள் என்று மூன்று திணைக்களத்தையும் ஒரே மூச்சில் திட்டி முடித்தோம். வடக்கு கிழக்கில் வளர்ந்த எவருக்கும் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. காலையில் எழும்பினால் வயலுக்கு நடுவில் எல்லைக்கல் நட்டிருக்கும். யார் நட்டது என்று கேட்கப் போனால் கதைக்கிறவருக்குத் தமிழ் தெரியாது.

எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. ஆனாலும் அந்த இரவு என்னால் முழுமனதோடு சேர்ந்து திட்ட முடியவில்லை. காரணம், அதற்கு முதல் வருடம் நான் பெரியம்மாவோடு நடந்திருந்தேன்.

நடந்ததை வடிவாகச் சொல்கிறேன். படலை திறந்த இரண்டாம் நாள் நாங்கள் உள்ளே போனோம். முதல் ஒரு மணித்தியாலம் மனசுக்குள் ஒரே பரவசம். வெட்டை வெளியில் மயில், தூரத்தில் மான் கூட்டம், காலுக்குக் கீழே சுடுமணல். பிறகு மெல்ல மெல்லக் கண் கீழே இறங்கியது. பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் போத்தல். பிஸ்கற் உறை. சம்போ பைக்கற். அன்னதானத்துக்குக் கொடுத்த லன்ச் சீற். ஒரு நாள்தான் முந்தியிருந்தது, அதற்குள் இவ்வளவு. நாவலடிப் பக்கம் போகும்போது நான் குப்பையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தண்ணீர் பவுசர் வந்து நிற்கிற இடங்களில் போத்தல் குவிந்து கிடந்தது. தண்ணீர் தருகிறவர்கள் நல்ல மனதோடுதான் தருகிறார்கள், அந்த வெயிலில் அவர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் விழுந்திருப்பார்கள். ஆனால் அந்தப் புண்ணியத்தின் வெறும் போத்தல் காட்டில்தான் கிடக்கிறது.

நானும் யோக்கியமில்லை. என்னிடம் இருந்த குளுக்கோஸ் பைக்கற்றுகளை வீசக்கூடாது என்று தெரியும், சுமக்கவும் பஞ்சியாக இருந்தது. ஆகவே மண்ணைக் கிளறிப் புதைத்தேன். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை வேறு.

கும்புக்கன் ஆற்றங்கரையில் ஒரு இளம் காவலர் நின்றார். மொனராகலைப் பக்கத்து ஆள், சிங்களத்துக்கு நடுவில் தமிழையும் போட்டுக் கதைத்தார். பெரியம்மா அவருக்கு ஒரு துண்டுப் பனங்கட்டி கொடுத்தா. அவர் வாங்கிக்கொண்டு, மண்ணுக்குள் கிடந்து இழுபட்டு வந்த பொலித்தீனைக் காட்டினார். "நங்கி, இது பன்டி கிண்டி எடுக்கும். மான் தின்னும். ஆக்கள் பொயிட்டா நாங்க பொறுக்குறது. எல்லாம் பொறுக்க ஏலாது." நான் என் குளுக்கோஸ் பைக்கற்றை நினைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கூட வெட்கமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. குமண வில்லில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் சித்திரையில் இருந்து ஆடி வரைக்கும். நாங்கள் ஆயிரக்கணக்கில் அந்த வழியால் போகிற அதே கிழமைகள். கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன் எல்லாம் கண்டல் மரங்களில் கூடு வைத்திருக்கும். நாட்டில் மிகவும் அரிதாகிவிட்ட கருங்கழுத்து நாரையைக் காணக்கூடிய ஒரு சில இடங்களில் குமணவும் ஒன்று. 2010இல் இந்த ஈரநிலத் தொகுதி ராம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. வரட்சி தொடங்குகிற காலம் என்பதால் யானைகளும் அந்த ஆறுகளை நம்பித்தான் இருக்கின்றன. நாங்கள் பகலில் குளிக்கிற மடுவுக்கு அவை இரவில் வர வேண்டும்.

ஆகவே "எங்கட பாதை, யாரும் பூட்டக்கூடாது" என்ற கட்சியில் என்னால் நிற்க முடியாது. முன்பு நடந்தவர்கள் ஒரு சிறு கூட்டம். சோற்றுப்பொதி வாழையிலையில், தண்ணீர் சுரைக்குடுவையில். இப்போது வருடா வருடம் பத்தாயிரக்கணக்கில் போகிறோம், பிளாஸ்டிக்கோடு போகிறோம். பாதை பழையதாக இருக்கலாம், நடக்கிற நாங்கள் பழையவர்கள் இல்லை. அந்தக் காட்டுக்கு ஒரு காவல் வேண்டும், அந்தக் காவலுக்கு அதிகாரம் வேண்டும். திறப்பு திணைக்களத்திடம் இருப்பதை நான் எதிர்க்கவில்லை.

எனக்குப் பிரச்சினை திறப்பைப் பயன்படுத்துகிற விதத்தில்.

யாலவின் முதலாம் வலயத்தை எடுங்கள். ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர். விடுமுறை நாட்களில் நூற்றுக்கணக்கான ஜீப்புகள் உள்ளே போகின்றன. ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருக்கிறது என்று செய்தி பரவினால் போதும், கொழும்பு காலிமுகத்திடல் ரோட்டு மாதிரி வரிசை. பல வருடமாக எழுதுகிறார்கள், கதைக்கிறார்கள். 2022 ஒக்ரோபரில் சொகுசு வாகனங்களில் வந்த ஒரு கூட்டம் யாலவுக்குள் தாறுமாறாக ஓடிய வீடியோ எல்லாருடைய போனுக்கும் வந்தது நினைவிருக்கும். பிறகு கைது, வழக்கு என்று போனது. ஆனால் அந்த வாகனங்கள் படலையைத் தாண்டித்தானே உள்ளே வந்தன? சட்டத்தின் கண்ணில் அவர்கள் முறையாக வந்த பார்வையாளர்கள். டிக்கெட் எடுத்தவர்கள்.

பாதயாத்திரைக்காரர்களால் சேதமில்லை என்று நான் சொல்ல வரவில்லை, அதை மேலே சொல்லிவிட்டேன். நான் கேட்பது வேறு. ஒரே காடு, ஒரே சட்டம், ஒரே திணைக்களம். காசு கட்டி எஞ்சினோடு வருகிறவருக்கு அது ஒரு சேவை. வருடம் முழுக்க விலைப்பட்டியல், நேர அட்டவணை எல்லாம் இருக்கும். கால்நடையாக வருகிறவருக்கு மட்டும் அது ஒரு சலுகை. ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்க வேண்டும், புதிதாகத் தர வேண்டும்.

சலுகை என்றால் அதை வாங்கித் தருவதற்கு ஒரு ஆள் வேண்டும். அங்கேதான் அரசியல்வாதி வருகிறார். காட்டுப்பாதை திறக்கிற நாள் உகந்தைக்குப் போய்ப் பாருங்கள். படலைக்கு முன்னால் யார் யார் நிற்கிறார்கள், கமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். திகதியை இரண்டு நாள் முன்னுக்கு இழுத்துத் தந்தவர், அதற்காகக் கொழும்புக்குப் போன் எடுத்தவர், எடுத்ததாகச் சொல்கிறவர். எல்லாரும் அறிக்கை விடுவார்கள். திகதி முதல் நாளிலேயே உறுதியாக இருந்தால் இவர்களுக்கு அங்கே என்ன சோலி?

இவ்வளவுக்கும் கதிர்காமக் கொடியேற்றம் பஞ்சாங்கக் கணக்கு. அடுத்த வருடத்துக் கொடியேற்றம் எப்போது என்று இன்றைக்கே கணக்குப் பார்க்கலாம். அதில் இருந்து பின்னோக்கி எண்ணினால் படலை திறக்கிற நாள் வந்துவிடும். செல்வச்சந்நிதியில் இருந்து நடந்து வருகிறவர்கள் வழியில் நிற்கும்போதே திகதி மாறுவதில் எந்தச் சிறுத்தைக்கும் ஒரு பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

அதிகாரம் எவ்வளவு இலகுவாக நிறம் மாறும் என்பதற்கு மன்னாரைப் பாருங்கள். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடத்தை 2016இல் இதே கட்டளைச்சட்டத்தின் கீழ்ப் பிரகடனம் செய்தார்கள். கண்டல் காடு, கடற்புல், சதுப்புநிலம் என்று 29 ஆயிரம் ஹெக்டேயர் அளவு. 2024 மே மாதம் இன்னொரு வர்த்தமானி வந்து, நீருயிரின வளர்ப்புக்காக அதில் ஏறத்தாழ 169 ஹெக்டேயரை வெட்டி வெளியே எடுத்தது. ஒதுக்கிடத்தின் எல்லையைக் குறைப்பதென்றால் அதன் சூழலியல் விளைவுகளை முதலில் ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின, உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தி உத்தரவிட்டது. அந்தக் கரையில் மீன் பிடிக்கிற சனத்துக்கு 2016இலும் ஒருவரும் ஆறுதலாக விளக்கவில்லை, 2024இலும் விளக்கவில்லை. பூட்டும்போதும் ஒரு கையெழுத்து, திறக்கும்போதும் ஒரு கையெழுத்து.

வில்பத்துக்கு வடக்கே நடந்தது இதைவிடச் சிக்கலானது. எங்கட ஆட்கள் அதைப் பற்றி எழுதும்போது பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழிப் பக்கத்துச் சனம் புத்தளத்தில் இருபது வருடம் அகதியாகக் கிடந்தது. அவர்களின் ஊரில் பற்றை வளர்ந்து மரமானது. 2012இல் அந்தப் பகுதியை ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் போட்டார்கள். திரும்பி வந்தவர்கள் தங்கள் ஊரில் நின்றுகொண்டே காடழிப்பவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். மறுபக்கம், அதே பிரதேசத்தில் கல்லாறு ஒதுக்கக் காட்டைத் துப்புரவாக்கிக் குடியேற்றம் செய்தது சட்டவிரோதம் என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மரம் நடச் சொன்னது. இரண்டும் உண்மை. காடும் அழிக்கப்பட்டது, சனத்துக்கும் அநியாயம் நடந்தது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எங்களுக்குப் பழக்கம் இல்லை. கோடு கீறும்போது அந்த ஊர்க்காரரில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

இது தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ மட்டும் நடக்கிற விஷயம் என்றும் நினைக்காதீர்கள். உகந்தைக்குப் போகிற வழியில் இருக்கிற பாணமை சிங்களமும் தமிழும் கலந்த ஊர். ஒரே வீட்டில் இரண்டு பெயர் கேட்கும். 2010இல் அந்த ஊரின் ராகம்வெல, சாஸ்திரவெல விவசாயிகளின் காணிகளில் இருந்து அவர்கள் விரட்டப்பட்டார்கள். படைமுகாம் வந்தது, பிறகு உல்லாச விடுதியும் வந்தது. 2015இல் அமைச்சரவை 365 ஏக்கரில் 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் காகிதத்தில் இருந்து காணிக்கு இறங்குவதற்கே அந்தச் சனம் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பூங்காவின் வாசலில் இருக்கிற ஊர் அது. யானை எந்த மாதம் எந்தப் பக்கம் வரும் என்று அந்த ஊர்க் கிழவர்களுக்குத் தெரியும்.

2015 ஜூனில் வடக்கிலும் ஒரே தடவையில் நான்கு தேசியப் பூங்காக்கள் வந்தன. சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம். நெடுந்தீவில் குதிரை பார்க்கப் போய் செல்ஃபி எடுத்த எங்களில் எத்தனை பேருக்கு அது தேசியப் பூங்கா என்று தெரியும்? நான் போனபோது எனக்குத் தெரியாது. தீவில் ஆடு மாடு வளர்க்கிறவர்களோடு கதைத்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

சரி, குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்காமல் உகந்தைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், என்னிடம் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நான் கலைப்பீட மாணவி, வனவியல் படிக்கவில்லை. ஆனால் சில விஷயங்களுக்கு வனவியல் தேவையில்லை.

கால்நடையாகக் கடந்து போகிறவர் என்று ஒரு வகையை ஒழுங்குவிதியில் எழுதலாம். நாள், நிபந்தனை, தண்டம் எல்லாவற்றோடும் எழுதலாம். எழுதிவிட்டால் அது யாருடைய தயவும் இல்லை. திகதியை முந்தின வருடமே மூன்று மொழியிலும் அறிவிக்கலாம். குஞ்சு பொரிக்கும் காலத்தைப் பார்த்து, "இந்த மாதம் வில்லுப் பக்கம் ஒருவரும் இறங்கக்கூடாது" என்று திணைக்களம் சொன்னால் அதைக் கேட்டு நடக்க நான் தயார். ஆனால் ஏன் என்று தமிழில் சொல்ல வேண்டும், ஒரு பலகையிலாவது. அந்தக் காவலர் ஆற்றங்கரையில் எனக்கு இரண்டு நிமிஷத்தில் சொன்னதை, உகந்தையில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லியிருந்தால் நான் அந்தப் பைக்கற்றைப் புதைத்திருக்கமாட்டேன்.

போத்தலுக்கு வைப்புப் பணம் வாங்கலாம். உகந்தையில் எண்ணி உள்ளே விடுங்கள், கட்டகாமத்தில் எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ஒரு போத்தலுக்கு நூறு ரூபா என்றால் எங்கட சனம் காட்டில் கிடக்கிற மற்றவனின் போத்தலையும் பொறுக்கிக்கொண்டுதான் போகும், எனக்குத் தெரியும். பெரியம்மா முதல் ஆளாய் நிற்பா.

எண்ணிக்கைக் கட்டுப்பாடு பற்றித்தான் எனக்கு இன்னும் தடுமாற்றம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வைத்தால் காட்டுக்கு நல்லது. ஆனால் முதலில் வெளியே நிற்கப் போவது போனில் பதிவு செய்யத் தெரியாதவர்கள்தான், அதாவது அந்தப் பாதையை இதுவரைக்கும் உயிரோடு வைத்திருந்தவர்கள். உள்ளே போவது என் வயதுக்காரர்கள், ரீல்ஸ் எடுக்கிறவர்கள். ஆனாலும் இன்றோ நாளையோ ஒரு எண் வரத்தான் போகிறது. வரும்போது சன்னிதியில் இருந்து நடந்து வருகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கிடலாம். எனக்கு முறை வராவிட்டால் அடுத்த வருடம் போகிறேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் ஒன்று. மாவட்டச் செயலாளர், பொலிஸ், படை எல்லாம் இருக்கட்டும். ஆனால் அங்கே வருடா வருடம் நடக்கிறவர்கள் சார்பில் யார் இருக்கிறார்கள்? நடப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. கழிப்பிடம் எங்கே, மாதவிடாய்த் துணியை எங்கே போடுவது என்ற கேள்விகளை அந்த மேசையில் யார் எழுப்புவது? காட்டில் கிடக்கிற குப்பையில் அதுவும் ஒரு பங்கு. பாணமையில் இருந்து ஒரு ஆள், நடக்கிற பெண்களில் ஒரு ஆள், ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குகிற காவலர்களில் ஒரு ஆள். மூன்று கதிரை கூடப் போட்டால் போதும். முடிவெடுக்கும் அதிகாரம் திணைக்களத்திடமே இருக்கட்டும், ஆனால் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார்கள் என்பது எழுத்தில் வெளியே வரட்டும். அந்த வருடம் காட்டில் இருந்து எத்தனை கிலோ குப்பை எடுத்தார்கள் என்பதும் அதில் இருந்தால் நல்லது. எங்களுக்கு உறைக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா எடுத்தா. இந்த முறை துணிப்பை தைத்து வைத்திருக்கிறாவாம், தண்ணிக்குப் பழைய எவர்சில்வர் செம்பு. "நீயும் வாறியா புள்ள?" என்று கேட்டா. சோதனை நாட்கள் இன்னும் வரவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைக்கிறதுக்கு முதல் வழமையான கேள்வியையும் கேட்டா. காடு எப்ப திறக்கிறாங்களாம்?

"இன்னும் தெரியாது பெரியம்மா. பேப்பர்ல வரல்ல."